பூட்டிய அலுமாரியும் அதிபரின் காசேடும்

சென்ற வாரம் இப்பகுதியிலே சிறுவர்களின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிச் சில கருத்துக்களை எழுதியிருந்தோம். அதனை வாசித்த தாயார் ஒருவர் நமக்குக் கடிதமொன்று வரைந்திருக்கின்றார். அவருடைய மகன் கிராமத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றிலே நான்காந் தரத்திற் கற்கின்றான். அப்பாடசாலையில் நல்ல கதைப் புத்தகங்கள் இருக்கின்றனவாம். ஆனால் அவை அலுமாரிக்குள் இருக்கின்றன; அலுமாரி பூட்டப்பட்டிருக்கின்றது; திறப்பு அதிபரிடம் இருக்கின்றது. "அதிபர் மிக நல்லவர், ஐயா. பாடசாலைக் காசிலே ஒரு சதமும் வீண்போக விடமாட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என் பிள்ளை அந்தப் புத்தகங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கின்றான்" என்று அத்தாயார் எழுதுகின்றார்.

பாடசாலை அதிபரின் பணநிருவாகம் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர்கள் களவு ஒன்றையே நினைத்துக்கொள்கின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. முதலாந் தரத்திற்குப் பிள்ளையைச் சேர்ப்பதற்காக இலஞ்சம் பெற்றாரென்ற குற்றச்சாட்டில் அதிபரொருவர் கைதானார் என்னுஞ் செய்தியை ஆண்டுதோறும் பத்திரிகைகளிற் காண்கின்றோம். அத்தகையோரைக் கவனிப்பதற்குச் சட்டம் இருக்கின்றது. நாம் அவர்களைப் பற்றி எழுதி இடத்தை நிரப்ப வேண்டியதில்லை. சட்டத்தின் கைக்கு எட்டாத வேறொரு குறையையே இத்தாயாரின் கடிதம் சுட்டுகின்றது. கையிலே பணமும் பொருளும் இருந்தும், அவை பிள்ளையைச் சென்றடையாமல் இடைவழியில் நின்றுவிடுவதே அக்குறை. அதனைச் செய்பவர் கள்வரல்லர், பெரும்பாலும் நேர்மையாளரே. அதனாலேதான் அதனை எவரும் குறையென்று கொள்வதில்லை.

ஆரம்பப் பாடசாலை அதிபரின் நிலை யாதென்பதை முதலிலே பார்த்தல் நன்று. இலங்கையிலே ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகை 3 என்பதே பெரும்பாலும் நமது ஊர்களில் உள்ள ஆரம்பப் பாடசாலை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் நிறைவேறி மாகாண சபைகள் தோன்றிய பின்னர், இப்பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பிலே வலயக் கல்விப் பணிமனைகளின் கீழ் இயங்கி வருகின்றன. ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத பாடசாலைகள் நாட்டில் ஆயிரத்துக்கு மேல் உண்டு. இத்தகைய சிறிய பாடசாலைகள் பலவற்றில் இலிகிதர் இல்லை, காவலாளி இல்லை. மணியடிப்பதும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பதும், குழாய் உடைந்தால் ஆளைத் தேடுவதும், வலயத்திலிருந்து கேட்கும் புள்ளிவிவரங்களை அன்றைக்கே நிரப்பி அனுப்புவதும் அதிபரே. இவற்றுக்கு மேலாகக் காசேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், வவுச்சர்க் கோவை, பொருட்பதிவேடு, சம்பவத் திரட்டுப் புத்தகம் என்பனவும் அவர் மேசையிலே குவிந்திருக்கும். போதாக்குறைக்கு, அவர்களிற் பலர் அதிபர் சேவையில் நியமனம் பெற்றவருமல்லர். 'கடமை நிறைவேற்று அதிபர்' என்னும் பெயரோடு பாரத்தைச் சுமக்கும் ஆசிரியர்களே.

நாம் கற்பிக்கும் கல்லூரி போன்ற பெரிய இடங்களில் உப அதிபர்கள் உளர், இலிகிதர்கள் உளர், கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உள. அங்கே அதிபரொருவர் கணக்கிற் சிறிது பலவீனராயிருப்பினும் காரியம் நடந்துவிடும். ஆரம்பப் பாடசாலையிலோ அதிபரின் பலவீனம் முழுவதும் பாடசாலையின் பலவீனமாகிவிடுகின்றது.

முன்னாளில் இந்தச் சுமை தலைமையாசிரியருக்கு இருக்கவில்லை. வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய பரம்பரை நாவலர் பெருமானுடையது; 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை ஊரவர் உதவியாலே வளர்ந்தது. பின்னர் 1923இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றியது. ஊரார் 'இந்துபோட்' இராசரத்தினம் என்றே அழைத்த சு. இராசரத்தினம் அவர்கள் அச்சங்கத்தின் பாடசாலைகளுக்காக ஊரூராய் அலைந்தார். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பணத்தின் கவலை முகாமையாளருடையது. தலைமையாசிரியர் கற்பித்தலையும் வரவு இடாப்பையும் பார்த்துக்கொண்டார். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன்பின் முகாமையாளர் மறைந்தார். ஆயினும் அவருடைய மேசை தலைமையாசிரியருக்கு வந்து சேரவில்லை. அது கொழும்புக்குப் போய்விட்டது. வெண்கட்டியும் தளபாடமும் மேலிருந்தே வந்தன. 1980 முதற் பாடநூல்களும் 1993 முதற் சீருடைத் துணியும் அவ்வாறே வந்தன. வருவதை வாங்கிப் பதிந்து கொடுப்பதே அதிபரின் வேலையாயிற்று.

இந்நிலை மாறத் தொடங்கியது 2000ஆம் ஆண்டளவிலேதான். 'தர உள்ளீடு' என்னும் பெயரிலே, கற்றல் கற்பித்தலுக்கு வேண்டிய பொருள்களை வாங்குவதற்கான நிதி பாடசாலைகளுக்கு ஒதுக்கப்படலாயிற்று. 2006இலே பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்தது. ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்த குழு, பாடசாலைக்கு எது வேண்டுமென்று தானே தீர்மானித்துத் திட்டம் வரைந்து அதன்படி செலவிட வேண்டுமென்பது அதன் நோக்கம். இது சிறிய மாற்றமன்று. கொழும்புக்குப் போன மேசை நாற்பது ஆண்டுகளின் பின்னர் ஊருக்குத் திரும்பி வந்தது. ஆனால் அதன் முன் அமர்ந்தவர் எத்தகையவர்? இருபது ஆண்டுகள் அகரமும் கூட்டலும் கற்பித்த ஆசிரியர். நிதிப் பிரமாணங்கள் என்னும் தடித்த நூலை அவர் அதற்குமுன் கண்டிருக்கமாட்டார். சில நாட் கருத்தரங்கொன்றில் அவரை அமர்த்தி, சுற்றறிக்கைகளின் போட்டோப் பிரதிகளைக் கையிற் கொடுத்து அனுப்பிவிட்டால் அவர் நிருவாகியாகிவிடுவாரென்று எண்ணியோரை என்னென்பது!

அவர் கற்றுக்கொண்ட முதற்பாடம் அச்சம். பணத்தைச் செலவிட்டாற் கேள்வி வரும். செலவிடாவிட்டாற் கேள்வி வராது. பொருளொன்று தொலைந்தால் விசாரணை வரும். பொறுப்பாளியிடமிருந்து அதன் பெறுமதியை அறவிடவும் கூடும். பூட்டி வைத்த பொருள் தொலைவதில்லை. இப்பொழுது அத்தாயார் கண்ட அலுமாரியின் இரகசியம் விளங்கும். அதனுள்ளே இருப்பவை அதிபரின் கண்ணுக்குக் கதைப் புத்தகங்களாகத் தோன்றவில்லை. பொருட்பதிவேட்டிலே இலக்கமிட்ட அரசாங்க ஆதனங்களாகவே தோன்றுகின்றன. இரண்டாந் தரத்துப் பிள்ளை யானைக் கதையை விரித்து எச்சிற் கையாற் பக்கம் புரட்டி, மூன்றாம் நாள் அதன் வாலைக் கிழித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

இதே அச்சத்தின் மற்றொரு வடிவத்தையும் வாசகர்கள் பல பாடசாலைகளிற் காணலாம். ஓர் அறை முழுவதும் உடைந்த கதிரைகளும் காலிழந்த மேசைகளும் வாங்குகளும் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். நான்கு அறைகள் மட்டுமே உள்ள பாடசாலையில் ஓர் அறை இவ்வாறு சவக்காலையாகிவிட, முதலாந் தரமும் இரண்டாந் தரமும் ஒரே அறையிலே முதுகோடு முதுகாக அமர்ந்திருக்கும். உதவாத பொருள்களைக் கழித்துவிட முடியாதென்று எந்தப் பிரமாணமும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் பொருட்கணிப்புச் செய்து, பாவனைக்கு உதவாதவற்றை வேறாகப் பட்டியலிட்டு, உரிய அனுமதியோடு விற்கவோ அழிக்கவோ வழி இருக்கின்றது. நட்டமொன்று நியாயமான காரணத்தால் ஏற்பட்டதாயின் அதனைப் பதிவிலிருந்து நீக்கவும் வழி இருக்கின்றது. அவ்வழியிலே நடப்பதற்கு நான்கு கடிதங்கள் எழுத வேண்டும். இரண்டு முறை வலயத்துக்குப் போக வேண்டும். அறையைப் பூட்டுவதற்கு ஒரு பூட்டுப் போதும்.

ஆண்டிறுதியின் கதை இன்னும் வருந்தத்தக்கது. நமது அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31ஆந் திகதியோடு முடிவடைகின்றது. அவ்வாண்டுக்கென ஒதுக்கிய பணம் அதற்குள் செலவாகாவிடின் அவ்வொதுக்கீடு காலாவதியாகிவிடும். பணம் காலந்தாழ்த்தி வருவதுண்டு. அது அதிபரின் பிழையன்று. ஆனால் திட்டம் ஆயத்தமாயிருந்த பாடசாலை, காலந்தாழ்த்தி வந்த பணத்தையும் இரண்டு கிழமைக்குள் பயனுடையதாக்கிக் கொள்கின்றது. திட்டமில்லாத பாடசாலையோ, ஒன்றில் அவசரத்திலே வேண்டாத பொருளை வாங்குகின்றது, அன்றேற் பணத்தை விட்டுவிடுகின்றது. மீதியைத் திருப்பி அனுப்பிய அதிபரை 'சுத்தமான மனிதர்' என்று ஊர் புகழ்வதை நாம் கேட்டிருக்கின்றோம். அவ்வாண்டிலே எண்சட்டமில்லாமற் கணிதங் கற்ற பிள்ளைகள் அப்புகழ்ச்சியிற் கலந்துகொள்ளவில்லை. அவர்களை எவரும் கேட்கவுமில்லை.

நாம் ஆறாந் தரத்துக்குக் கற்பிப்பவர்கள். பல ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் நம்மிடம் வருகின்றனர். முதற் கிழமையிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். புத்தகத்தைக் கையிற் கொடுத்ததும் சிலர் உடனே நடுப்பக்கத்தைத் திறந்து படம் பார்த்து, முன்னுக்கு வந்து பெயரை வாசித்து, அதனோடு உறவு கொண்டாடத் தொடங்கிவிடுவர். வேறு சிலர் மேசையின்மேல் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பர், 'திறக்கலாமோ, சேர்?' என்று கேட்பர். புலமைப்பரிசிற் பரீட்சையில் இவ்விரு சாராரும் ஒரே புள்ளி பெற்றிருத்தலுங் கூடும். ஆயினும் பின்னவர்களுக்கு அத்தயக்கம் நீங்க இரண்டு தவணையாவது செல்கின்றது.

புள்ளியைப் பற்றிப் பேசியதால் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகின்றது. இங்கிலாந்திலே 1862இல் ஒரு விதி கொண்டுவந்தனர்: பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார், தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம். 1870ஆம் ஆண்டளவில் அம்முறை இலங்கைக்கும் வந்தது. விளைவு யாது? வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுமே பாடசாலையாயின. பிள்ளைகள் வாசக புத்தகத்தை மனனஞ் செய்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒப்புவித்தனர் என்ற பரிகாசமும் பிறந்தது. பணம் எதனை அளவாகக் கொள்கின்றதோ அதன் பக்கமே பாடசாலை சாயும். இன்று பணத்துக்குப் பதிலாக ஊராரின் மதிப்பு ஐந்தாந் தரப் புள்ளியை அளவாகக் கொண்டிருக்கின்றது. ஆகவே சங்கக் காசிலே மாதிரி வினாத்தாள் அச்சிடுவதற்கு எதிர்ப்பே இராது. முதலாந் தரத்துக்கு வண்ணக் கடதாசி வாங்குவோமென்றால், 'அது எதற்கு?' என்பர். இவ்விடத்திலே பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல், முதலாந் தரத்துப் பிள்ளைக்காக வாதாடுபவரே தலைமை தாங்கும் அதிபர். சபைத் தலைவராக வீற்றிருத்தல் எளிது.

நாமறிந்த அதிபர் அம்மையார் ஒருவர் இருந்தார், இப்பொழுது ஓய்வுபெற்றுவிட்டார். அவர் பொறுப்பேற்ற பாடசாலையிலும் ஒரு பூட்டிய அலுமாரி இருந்தது. அவர் அதனை உடனே திறந்துவிடவில்லை. முதலிலே அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தைக் கூட்டி, இத்தனை புத்தகங்கள் பிள்ளைகளின் பாவனைக்கு விடப்படுகின்றன, இவற்றுட் சில ஆண்டுதோறும் பழுதடைதல் இயல்பு, பழுதடைந்தவை பொருட்கணிப்பின்போது காட்டப்படும் என்று ஒரு தீர்மானத்தை எழுதுவித்து, பெற்றோரையும் ஆசிரியரையும் ஒப்பமிடச் செய்தார். அதன் பிரதியொன்றை வலயத்துக்கும் அனுப்பினார். அதன்பின்னரே வகுப்புத்தோறும் கொடிக்கயிறு கட்டி, புத்தகங்களைத் துணி காயப்போடுவதுபோல விரித்துத் தொங்கவிட்டார். கிழிந்த புத்தகங்களை எறியவில்லை. ஓர் அட்டைப் பெட்டியிற் சேர்த்து வைத்தார். ஆண்டிறுதியிற் பொருட்கணிப்புக்கு வந்தவர்கள் பெட்டியைக் கண்டனர்; தீர்மானப் புத்தகத்தைக் கண்டனர்; பட்டியலிற் குறித்துக்கொண்டு போயினர். எந்த விசாரணையும் வரவில்லை. பிரமாணங்களைப் படித்தறிந்தவருக்கு அவை வேலியாக மட்டுமன்றி வாயிலாகவும் இருக்கின்றன என்பதனை அவ்வம்மையாரிடமே கண்டோம். கடிதமெழுதிய தாயாருக்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே: அதிபரிடம் திறப்பைக் கேட்க வேண்டாம், அடுத்த கூட்டத்திலே அத்தகைய தீர்மானமொன்றைப் பிரேரியுங்கள். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள நாலுபேர் முன்வந்தால் அவர் கை தானே திறப்பை எடுக்கும்.

அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபரே தலைவர். வங்கியிலே கணக்கு இருக்கும். தனியொருவர் ஒப்பத்தாற் பணம் எடுக்க இயலாது. இவையெல்லாம் காகிதத்தில் ஒழுங்காகவே உள்ளன. ஆனாற் பொதுக்கூட்டத்திலே வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வேகமாக வாசிக்க, பின்வரிசையில் இருக்கும் கூலித் தொழிலாளியான தந்தைக்கு அதில் ஒன்றும் விளங்குவதில்லை. 'கணக்குக் கேட்டால் அதிபர் கோபிப்பார், பிள்ளையைப் பார்க்கமாட்டார்' என்ற எண்ணமும் அவருக்கு உண்டு. தவணைதோறும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதி வாயிலில் வைப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. அவ்வாறு எழுதும் பாடசாலைகளிற் சந்தாப் பணம் கேளாமலே வந்து சேர்வதைக் கண்டிருக்கின்றோம்.

சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. பணம் கொண்டுவராத பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சட்டைப்பையும் இல்லை, சம்பளமும் இல்லை. கடன்காரனாக அதனை நிறுத்துவது இலவசக் கல்வியின் நோக்கத்துக்கு நேர் விரோதம். இதனைச் செய்யும் ஆசிரியரைத் தடுக்காத அதிபர், கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்தாலும் நமது மதிப்பைப் பெறார். அடுத்த மாதம் அப்பிள்ளையின் தாய் கூட்டத்துக்கு வரமாட்டாள். அதற்கடுத்த மாதம் பிள்ளையும் வராது.

மத்தியான உணவின் கணக்கும் அதிபர் தலையிலேயே விழுகின்றது. 2024ஆம் ஆண்டிலே பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் யாவர்க்குமாக விரிக்கப்பட்டது. பல இடங்களிற் சமைத்துக் கொடுப்பவர்கள் அவ்வூர்ப் பெண்களே. கடையிலே கடனுக்கு அரிசியும் பருப்பும் வாங்கிச் சமைத்துவிட்டுக் கொடுப்பனவுக்குக் காத்திருப்பவர்கள். இன்று உண்டவர் எத்தனை பேர் என்று அதிபர் எழுதும் எண்ணிலேதான் அவர்களுடைய பிழைப்பும் அரசாங்கத்தின் பணமும் தங்கியிருக்கின்றன. நாற்பத்திரண்டை நாற்பத்தைந்து என்று எழுதுமாறு யாரேனும் கேட்டால் மறுக்கவும் வேண்டும். பட்டியலை ஒருநாளேனும் மேசையிற் கிடத்தாமல் அன்றன்றே அனுப்பவும் வேண்டும். முன்னதைச் செய்பவர் பலர். பின்னதும் அதேயளவு கடமை என்பதை உணர்ந்தவர் சிலர்.

இனி, வெளிநாட்டிலிருந்து வரும் உதவி. நம்மவர் கொடையுள்ளம் படைத்தவர்கள், அதனைக் குறைகூறோம். ஆயினும் கொடுப்பவருக்குப் பெயர் பொறித்த வளைவு பிடித்திருக்கின்றது. பிள்ளைகளுக்கோ தண்ணீர் வரும் மலசலகூடம் வேண்டியிருக்கின்றது. வருகின்ற சீதேவியை வேண்டாமென்று எப்படிச் சொல்வது என்று அதிபர் திகைக்கின்றார். முன்கூட்டியே குழு கூடி, பாடசாலையின் தேவைகளை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தி ஒப்பமிட்டு வைத்திருந்தால், அப்பட்டியலை அன்பர் கையிற் கொடுத்து, 'இதில் எதனைத் தாங்கள் ஏற்கின்றீர்கள்?' என்று கேட்டுவிடலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கடதாசி கிடையாமல் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய காலத்தில் நூறு ரூபாவையும் எங்கே முதலில் வைப்பது என்று தெரிந்திருத்தல் பெரிய பலம்.

இவ்வளவையும் அதிபரிடமே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நீதியாகாது. அதிபர் பதவிக்கு வருமுன், அனுபவம் மிக்க அதிபர் ஒருவருடன் ஓராண்டுச் சுற்று முழுவதும், ஜனவரியில் திட்டம் வரைவது முதல் டிசம்பரிற் கணக்கு முடிப்பது வரை, கூட இருந்து பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்க வேண்டும். கணக்காய்வுக்கு வருவோர் 'ஏன் செலவிட்டீர்?' என்று கேட்பதோடு 'ஏன் செலவிடவில்லை?' என்றும் கேட்க வேண்டும். மற்றொன்று மிக எளியது. அயலிலுள்ள ஐந்து சிறிய பாடசாலைகளுக்கு ஓர் இலிகிதரை நியமிக்கலாம். கிழமையில் ஒருநாள் ஒரு பாடசாலை. காசேடும் வவுச்சரும் பொருட்பதிவேடும் அவர் கையில் ஒழுங்காகிவிடும். பார்வையிட்டு ஒப்பமிட அதிபருக்கு ஒரு மணித்தியாலம் போதும். மிஞ்சிய நேரத்தில் அவர் இரண்டாந் தரத்துக்குள் நுழைந்து, பின்வரிசைப் பிள்ளையொன்றின் பக்கத்திலே சிறிய கதிரையை இழுத்துப் போட்டு, 'எங்கே, ஒரு பக்கம் வாசி பார்க்கலாம்' என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.